மார்த்தா பாலார்டின் நாட்குறிப்பைப் படிப்பது எப்படி?

நான் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். அமெரிக்காவின் பழைய குடியேற்றங்களில் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று யார் கேட்டாலும், மார்த்தா பாலார்டின் நாட்குறிப்பைப் படியுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் பலர் நாலு பக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். "வெயில் அடித்தது, வீட்டில் இருந்தேன்" என்றே போகிறதாம். எங்கே தொடங்குவது, எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொண்டால் அந்த அலுப்பு வராது.

மார்த்தா 1735இல் பிறந்தவர். 1777இல் கென்னபெக் ஆற்றங்கரையில் இருந்த ஹாலோவெல் குடியேற்றத்துக்கு வந்தார். இன்று அது மெய்ன் மாநிலம். அப்போது மாசசூசெட்ஸின் பகுதி. அங்கே மருத்துவச்சியாக இருந்தபடி 1785 ஜனவரி 1 முதல் 1812 மே 7 வரை ஏறக்குறைய தினமும் எழுதினார். டூ ஹிஸ்டரி என்ற இணையதளத்தில் கையெழுத்துப் பக்கங்களும் தட்டச்சு வடிவமும் இருக்கின்றன. தட்டச்சு வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை நிறைய இருக்கும். காதில் விழுந்தபடி எழுதியவர் என்பதால் வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். 1789 ஏப்ரல் 24க்குப் போங்கள். கடும் மழை. மதியம் ஒரு மணிக்கு ஹியூவின்ஸ் வீட்டிலிருந்து ஆள் வருகிறது. மார்த்தா அலையடிக்கும் ஆற்றைப் படகில் கடக்கிறார். வழியில் ஓர் ஓடை. மிதக்கும் மரக்கட்டைகள் மேல் கால் வைத்துத் தாண்டுகிறார். பெரிய மரம் ஒன்று வேரோடு முன்னால் சாய, குதிரை மிரண்டு பின்வாங்குகிறது. இன்னோர் ஓடையில் பாலமே இல்லை. ஹியூவின்ஸ் தண்ணீரில் இறங்கிக் குதிரையை நடத்திப் போகிறார். இரவு பத்து மணிக்கு ஹியூவின்ஸின் மனைவிக்குப் பெண் குழந்தை. இத்தனையும் சில வரிகளில். அன்று மார்த்தாவுக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இந்த ஒரு நாளைப் படித்துவிட்டால், வேறு நாட்களில் "ஆற்றைக் கடந்தேன்" என்று மட்டும் வரும்போது நீங்கள் அவசரமாகத் தாண்டிப் போக மாட்டீர்கள்.

அடுத்து, ஓரங்களைப் பாருங்கள். பிரசவம் பார்த்த நாள் என்றால் ஓரத்தில் குறித்திருப்பார். கூலி வந்துவிட்டால் இரண்டு பெருக்கல் குறி போடுவார். அந்தக் குறிகளைப் பின்தொடர்ந்தால் இவர் சொந்தமாகக் கணக்கு வைத்துச் சம்பாதித்த பெண் என்பது தெரியும். கணவருக்கு உதவியாக மட்டும் இருந்தவர் அல்ல.

அப்புறம், ஏதாவது ஒரு வேலையை மட்டும் பிடித்துக்கொண்டு பல வருடங்கள் தொடருங்கள். நான் தறியைச் சொல்வேன். வீட்டில் நெசவு ஓடியது மகள்களாலும் உதவிக்கு வந்து தங்கிய பெண்களாலும்தான். 1792இல் மகள் ஹன்னா மணமாகிப் போகிறாள், 1795இல் இன்னொரு மகள் டாலி. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளை ஒப்பிடுங்கள். வீட்டுப் பெண்கள் கைகொடுத்ததால்தான் அம்மாவால் நள்ளிரவில் குதிரையேறிப் போக முடிந்தது. அவர்கள் போன பிறகு துணி துவைப்பதே பெரிய பாரமாகிறது. ஒரு குடியேற்றம் யார் உழைப்பில் நின்றது என்பதை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

சொல்லாமல் விட்டதையும் கவனிக்க வேண்டும். மணமாகாத பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கும்போது தகப்பன் யார் என்று மருத்துவச்சி கேட்பது அன்றைய வழக்கம். 1791 அக்டோபரில் சாலி பியர்ஸ் என்ற பெண் சொன்ன பெயர், மார்த்தாவின் சொந்த மகன் ஜோனத்தன். மார்த்தா அதைப் பெரிதாக்காமல், மற்ற பிரசவங்களைப் போலவே எழுதிவைத்தார். சில மாதங்களில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. மார்த்தாவின் மனசு என்ன பாடுபட்டது என்று நாமாகக் கற்பனை செய்து சேர்க்கக் கூடாது.

எண்ணிக்கைகளையும் அவசியம் பாருங்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட பிரசவங்களில் ஒரு தாயும் பிரசவ நேரத்தில் இறக்கவில்லை. பிறகு வந்த நாட்களில் இறந்தவர்கள் ஐந்து பேர். ரத்தம் ஏற்ற வழியில்லை, ஆன்டிபயாட்டிக் இல்லை. வார்டில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இது அதிர்ஷ்டத்தால் மட்டும் வந்ததல்ல. பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்த கை அது.

கடைசியாக 1804ஆம் வருடத்தை எடுங்கள், ஆனால் ஒரே மூச்சில் படிக்காதீர்கள். வரி வசூலிப்பவராக இருந்த கணவர் எஃப்ராயிம், வசூலாகாத பணத்துக்காகக் கடன் சிறையில் இருக்கிறார். மார்த்தா எழுபதை நெருங்குகிறார். விறகு யார் கொண்டுவந்தார்கள், யார் வெட்டினார்கள், யார் வரவில்லை என்பதைத் தனித்தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஜோனத்தன் குடும்பம் அதே வீட்டுக்குக் குடிவந்த பிறகு அந்தத் தாளில் என்ன மாறுகிறது என்று பாருங்கள்.