முதலில் இருபது நிமிடம்

போன மே மாதம் ஏற்காட்டுக்குக் கிளம்பிய அன்று என் மகன் செல்போனைச் சார்ஜில் போட்டபடி மறந்துவிட்டான். அடிவாரம் வந்த பிறகுதான் தெரிந்தது. அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் காலியாக இருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். "யாராவது கூப்பிட்டிருந்தால் என்னம்மா செய்வது?" என்று கேட்டபோது உள்ளங்கை வியர்த்திருந்தது. பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை. அதுவரை அடம் என்று நினைத்திருந்தேன், அது பயம். செல்போன் கையில் இல்லாதபோது வரும் இந்தப் பயத்துக்கு 2008லேயே பிரிட்டனில் நோமோபோபியா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அதனால் பிள்ளையிடமிருந்து செல்போனைப் பிடுங்காதீர்கள். அரைப்பரீட்சையின்போது நான் பிடுங்கி பீரோவில் பூட்டினேன். இரண்டு நாளும் புத்தகம் மடியில் கிடந்தது, கண் பீரோவின் மேல் இருந்தது.

எதற்குப் பயப்படுகிறான் என்று முதலில் கேளுங்கள். உடனே பதில் போடாவிட்டால் கோபித்துக்கொண்டதாக நண்பர்கள் நினைப்பார்களாம். வகுப்புக் குழுவில் "எட்டு மணிக்கு வருகிறேன்" என்று அவனையே எழுதச் சொன்னேன். பாதிப் பதற்றம் அதிலேயே இறங்கியது.

பிறகு இருபது நிமிடம் மட்டும் செல்போன் இல்லாமல் இருக்கட்டும். அது வேறு அறையில் இருக்க வேண்டும். சத்தத்தை நிறுத்தி மேசையிலேயே கவிழ்த்து வைத்தாலும் கவனம் குறைவதாக டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எங்கள் வீட்டில் சமையலறை அரிசி டிரம்தான் இடம். அவன் கையாலேயே வைக்கட்டும். ஒளித்து வைத்தால் தேடத்தான் தோன்றும். மணி பார்க்க ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அதையே சாக்காக வைத்து எழுந்து போவான்.

ஏழெட்டு நிமிடத்தில் தவிப்பு உச்சத்துக்கு வரும். தண்ணீர் குடிப்பான், எரிந்து விழுவான். மனம் இளகி அப்போது கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால், செல்போன் வந்தால்தான் பயம் போகும் என்று மனம் பழகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும். தவிப்பு ஏறின மாதிரியே தானாக இறங்கும். அதை அவன் ஒருமுறை அனுபவித்துவிட வேண்டும். அது பழகியதும் ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டுங்கள்.

"நீங்கள் மட்டும் வைத்திருக்கிறீர்களே?" என்று கேட்டான். நியாயம்தான். கொலுசுப் பட்டறையிலிருந்து எனக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். பட்டறையில் சொல்லிவிட்டு என்னுடையதையும் டிரம்மின் மேல் வைத்தேன். இருவரும் வெறுங்கையோடு தெருமுனைக்கு நடந்து தட்டுவடை செட் சாப்பிட்டு வருவோம். மாங்காய்த் துருவல் போதவில்லை என்று கடைக்காரரிடம் அவன் வாதாடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

தூக்கம் கெட்டாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ வீட்டு வைத்தியம் போதாது. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

நாங்கள் ஒன்றரை மணி நேரம் வரை வந்தோம். பரீட்சை வாரத்தில் நாற்பது நிமிடத்துக்கு இறங்கிவிட்டது. திட்டவில்லை, நாற்பதிலிருந்தே மறுபடி கூட்டிக்கொண்டிருக்கிறோம்.