பிங் பதில் தருகிறது, போர்ட் திறக்க மறுக்கிறது

எடை இயந்திரத்தின் ஆர்எஸ்-232 (சீரியல் எனப்படும் தொடர்முறைத் தரவு) வெளியீட்டை வலையமைப்பில் இணைக்கும் சீரியல் டிவைஸ் சர்வர், மின்தடைக்குப் பிறகு பலமுறை இணைப்பை மறுத்தது. கருவி வலையமைப்பில் இருக்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்கு உடனே பதில் வந்தபோதிலும், வலையமைப்பு வழியாக அந்த வெளியீட்டை அணுகக் கணினியிலிருந்த மெய்நிகர் காம் போர்ட் திறக்கவில்லை. சர்வரை அணைத்து மீண்டும் இயக்கினால் சரியாகிவிடும். ஆனால் அது காரணத்தை மறைக்குமே தவிர நீக்காது.

பாட் வேகம் (சீரியல் தரவு செல்லும் வேகம்) இரு முனைகளிலும் பொருந்தாவிட்டால் புரியாத எழுத்துகள் வருமே அன்றி இணைப்பு மறுக்கப்படாது என்பதால், எடை இயந்திரத்துக்கும் சர்வருக்கும் இடையிலான சீரியல் பக்கத்தை விரைவிலேயே விலக்கிவிட்டேன். சர்வரின் நிலைப் பக்கத்தைத் திறந்தபோது காரணம் தெரிந்தது: மின்தடைக்கு முந்தைய இணைப்பு அங்கே இன்னும் உயிரோடு இருந்தது. யுபிஎஸ் துணையோடு சர்வர் இயங்கிக்கொண்டிருக்க, கணினி மட்டும் திடீரென அணைந்ததால், டிசிபி (வலையமைப்பில் இணைப்பை ஏற்படுத்தித் தரவு அனுப்பும் நெறிமுறை) இணைப்பை முடிக்கும் செய்தி அனுப்பப்படவே இல்லை. ஒரு போர்ட்டுக்கு ஓர் இணைப்பு என்ற வரம்பு இருந்ததால், புதியதற்கு இடமில்லாமல் போயிற்று. சர்வர் தானாக ஏதேனும் தரவை அனுப்பியிருந்தால், மீண்டும் இயங்கிய கணினி அந்தப் பழைய இணைப்பை நிராகரித்து முறித்திருக்கும். கேட்டால் மட்டுமே எடையைச் சொல்லும் இயந்திரம் என்பதால் அதற்கும் வாய்ப்பில்லை.

மறுமுனை இன்னும் இணைப்பில் இருக்கிறதா என்று சர்வரே கேட்டுப் பார்க்கும் டிசிபி கீப்-அலைவ் சோதனையின் வழக்கமான இடைவெளி 2 மணி நேரம். அதை 1 நிமிடமாகக் குறைத்தேன். தரவு எதுவும் போகாவிட்டால் இணைப்பை முறிக்கும் செயலற்ற நேர வரம்பை வைப்பதும் ஒரு வழிதான் என்றாலும், எடை போடாத நேரங்களில் நல்ல இணைப்பையும் அது துண்டித்துவிடும் என்பதால், அதை 0 (வரம்பு இல்லை) என்றே விட்டுவைத்திருக்கிறேன்.