வாலிபால் பழக வரும் பெண்பிள்ளைகள்: முதல் சர்வீஸை வலை தாண்ட வைப்பது எப்படி?

ஆடிய காலம் முடிந்து, மூன்று ஆண்டுகளாகக் காட்பாடியில் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லித்தருகிறேன். விதிகள் தெரிந்தவர்கள்தானே நீங்கள், நேரே வேலைக்கு வருகிறேன்.

முதலில் வலை. ஆண்கள் ஆடும் மைதானத்தில் அது 2.43 மீட்டரில் நிற்கும், பெண்களுக்கு 2.24. அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோய் வலையின் நடுவில் அளந்து இறக்குங்கள். கம்பத்தருகே அளந்தால் நடுவில் தொய்ந்திருப்பது தெரியாது. என் பிள்ளைகளுக்கு முதல் மாதம் 2 மீட்டர்தான்.

விலை குறைவு என்று கெட்டியான ரப்பர் பந்து வாங்காதீர்கள். முன்கை ஒருநாள் சிவந்து தடித்துவிட்டால், மறுநாள் பந்து வரும்போதே பிள்ளை கையை இழுத்துக்கொள்வாள். மெத்தென்ற மேலுறை உள்ள பந்து இரண்டு போதும்.

இனி சர்வீஸ், அதாவது பந்தை வலைக்கு அப்பால் அடித்து ஆட்டத்தைத் தொடங்குவது. நான் தவறியது இங்கேதான். முதல் நாளே எல்லோரையும் வலையிலிருந்து 9 மீட்டரில் இருக்கும் பின்கோட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டேன். ஒருத்தி அடித்த எட்டுப் பந்தும் வலைக்கு முன்னாலேயே விழுந்தன. “என் கையில் பலம் இல்லை அக்கா” என்றாள். மறுவாரம் வரவில்லை. அடுத்தவள் அடிப்பதை அருகில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் விளங்கியது: பந்தை முகத்துக்கு மேலே தூக்கிப் போடுகிறாள், அது இறங்குவதற்குள் கை முன்னே போய்விடுகிறது. பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வராமல் போனவளின் வீட்டுக்கே போய், அவள் அம்மாவின் முன்னால் இதைச் சொல்லி அழைத்துவந்தேன்.

வலக்கையால் அடிப்பவள் இடக்காலை முன்வைத்து, இடது உள்ளங்கையில் பந்தை இடுப்புக்குச் சற்றுக் கீழே ஏந்தட்டும். வலக்கை பின்னாலிருந்து ஊஞ்சல்போல நேராக வரட்டும். கை நெருங்கும் நொடியில் இடக்கை விலகினால் போதும், பந்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் விலகாமல் அடித்தால் தவறு. பந்து கையைவிட்டுப் பிரிந்த பிறகே அடிக்க வேண்டும். உள்ளங்கையில் மணிக்கட்டை ஒட்டிய மேடு பந்தின் பின்புறம், சற்றுக் கீழே பட வேண்டும்.

வலையிலிருந்து 4 மீட்டரில் தொடங்குங்கள். பத்தில் ஏழு தாண்டினால் ஓரடி பின்னே. கோட்டை எட்டச் சிலருக்கு ஐந்து வாரம் ஆனது.

பின்சேர்க்கை: அரைக்கால்சட்டைக்கு வீட்டில் சம்மதிக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். பயிற்சிக்கு டிராக் பேண்ட் தாராளமாகப் போதும், முட்டிக்காப்பை உள்ளேயே அணியலாம். இதற்காக ஒரு பிள்ளையையும் திருப்பி அனுப்பாதீர்கள். வேலூர் வெயிலில் மே மாதம் மாலைப் பயிற்சி ஆகாது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிக்கிறேன். மற்ற மாதங்களில் மாலைதான். குடியாத்தம் பக்கம் போகும் பிள்ளைகள் இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிட வேண்டும். கடைசிப் பிள்ளை ஏறும்வரை நிறுத்தத்தில் நானும் நிற்பேன்.