கிட்டார் வாசிக்கும் பிள்ளைக்குக் கிறிஸ்துமஸ் பரிசு: கடைக்குப் போகும்முன் ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. என் அக்கா மகன் எங்கள் ஊர்க் கோயிலின் பாடகர் குழுவில் வாசிக்கிறான். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்து டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறையும் கழிந்துவிட்டால், குமரி மாவட்டக் கடலோரத்தில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறிவிடும். இந்த வருடம் மாமன் என்ன வாங்கித் தருவான் என்ற எதிர்பார்ப்பும் கூடவே ஏறிவிடும். இசைக்கருவி பற்றி ஒன்றும் தெரியாமல் பரிசு வாங்கப் போகிற என்னைப் போன்ற மாமன்மாருக்கும் சித்திமாருக்கும் ஞானத்தந்தையருக்கும் இந்தக் குறிப்பு உதவும் என்று நினைக்கிறேன். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இராது.

முதல் படி: அந்த வீட்டில் இருக்கும் கிட்டார் எது என்று கண்டறிதல்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன், ஏனெனில் நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு நாகர்கோவிலில் ஒரு கடையில் நுழைந்து, "நல்ல ஸ்ட்ரிங் செட் ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டு, கொடுத்ததை வாங்கி, வண்ணத்தாளில் சுற்றி மருமகனிடம் கொடுத்தேன். அவன் பிரித்துப் பார்த்துவிட்டு, "மாமா, என்னோடது நைலான் கிட்டாராக்கும்" என்று மெல்லச் சொன்னான். அவன் கிட்டாரில் மேலே இருந்த மூன்று தடித்த தந்திகள் வெள்ளிபோல் மின்னுவதை நான் பலமுறை பார்த்திருந்ததால், "கம்பிதானலே போட்டிருக்கு, மாட்டு மக்கா" என்று அடித்துச் சொன்னேன். மாமன் சொல்லைத் தட்டக்கூடாது என்று அவனும் மாட்டினான். நான்காம் நாள் காலையில், தந்திகளைத் தாங்கி நிற்கும் பாலம் மேல்பலகையை விட்டுப் பெயர்ந்து, ஓர் அட்டை நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. அதை ஒட்டிச் சரிசெய்ய ஆன செலவு நான் வாங்கிய பரிசின் விலையைவிடப் பல மடங்கு அதிகம்.

காரணம் எளிமையானது. நைலான் கிட்டார் எனப்படும் கிளாசிக்கல் கிட்டாரில் கீழுள்ள மூன்று மெல்லிய தந்திகள் வெறும் நைலான். மேலுள்ள மூன்று தடித்த தந்திகளின் உள்ளே நைலான் இழைகளும், வெளியே வெள்ளி முலாம் பூசிய செம்புக் கம்பிச் சுற்றும் இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் அவை உலோகத் தந்திகளே. ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து பாலத்தை ஏறத்தாழ 40 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. 12–53 அளவுள்ள (இந்த எண்களின் பொருள் இரண்டாம் படியில்) உலோகத் தந்திகளோ 70 கிலோவுக்கும் மேல் இழுக்கும். நைலானுக்கென்று மெல்லிய பலகையால் கட்டப்பட்ட பெட்டியால் அந்தச் சுமையைத் தாங்க முடியாது.

ஆகவே கண்ணை நம்பாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் சிறு காந்தம் ஒன்றை எடுத்துச் சென்று, தந்தியின் அருகே பிடியுங்கள். உலோகத் தந்தியின் மேற்சுற்று வெண்கலமாக இருந்தாலும் நடுவில் எஃகு இருப்பதால் காந்தம் இழுக்கும். நைலான் கிட்டாரின் தந்திகளில் எஃகு இல்லை என்பதால், அவை எவ்வளவு மின்னினாலும் காந்தம் அசையாது. பாலத்தைப் பார்த்தும் அறியலாம். உலோகத் தந்தி மாட்டும் அக்குஸ்டிக் கிட்டாரில் பெரும்பாலும் ஆறு சிறு ஆணிமுளைகள் குத்தப்பட்டு வரிசையாகப் புள்ளிபோல் தெரியும். நைலான் கிட்டாரில் தந்திகள் முடிச்சிட்டுக் கட்டப்பட்டிருக்கும், தலைப்பகுதியிலும் இரண்டு நீள்துளைகள் வெட்டப்பட்டிருக்கும். தந்திகளுக்குக் கீழே காந்தச்சுருள் பொதிந்த பட்டைகள் இருந்தால் அது எலெக்ட்ரிக் கிட்டார். நீண்ட கழுத்தும் தடித்த நான்கு தந்திகளும் இருந்தால் அது பேஸ். அதற்கான தந்திகள் முற்றிலும் வேறு.

பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் அக்காவிடமோ மதினியிடமோ சொல்லி மூன்று படங்கள் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: பாலம், தலைப்பகுதி, உடலின் அடிமுனை. மூன்றாவது படம் எதற்கு என்பது தோள்வாரைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

இரண்டாம் படி: தந்தியின் அளவு

தந்தி தேய்ந்து தீரும் பொருள் என்பதால், எத்தனை முறை கொடுத்தாலும் வீணாகாத பரிசு அதுதான் என்பது என் கருத்து. உறையில் அச்சிட்டிருக்கும் 10–47, 12–53 போன்ற எண்கள் மிக மெல்லிய தந்தியும் மிகத் தடித்த தந்தியும் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதைக் குறிக்கின்றன. பத்து என்றால் ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர். பிள்ளை போன முறை பிரித்த தந்தி உறை மேசை இழுப்பறையில் கிடந்தால் அதே எண்ணை வாங்குங்கள். உறை கிடைக்கவில்லை என்றால், உலோகத் தந்தி அக்குஸ்டிக் கிட்டாருக்கு 11–52, எலெக்ட்ரிக்குக்கு 9–42 அல்லது 10–46, நைலானுக்கு 'நார்மல் டென்ஷன்' என்று அச்சிட்டது போதும். விரல் இன்னும் தடிக்காத பிள்ளைக்கு 13–56 வாங்கிக் கொடுப்பது தண்டனை.

கடலோரத்தில் இருப்பவர்கள் மேற்பூச்சுள்ள தந்திகளை வாங்குவதே நல்லது. உப்புக்காற்றும் கைவியர்வையும் சேர்ந்தால் சாதாரணத் தந்தியின் பளபளப்பு எங்கள் ஊரில் மூன்று வாரங்களில் போய்விடுகிறது. கைக்குட்டையால் துடைத்தால் துருவின் நிறம் ஒட்டிக்கொள்கிறது. எலிக்சர் நானோவெப் தந்திகளின் விலை கூடுதல்தான், ஆனால் மருமகன் அவற்றைப் பல மாதங்கள் ஓட்டினான். மேற்பூச்சு வேண்டாம் என்பவர்களுக்கு டடாரியோ நிறுவனத்தின் பாஸ்பர் பிரான்ஸ் வகையைச் சொல்வேன். பெயர்பெற்ற தந்திகளுக்குப் போலிகள் உண்டு என்பதால், சந்தையில் குவித்துப் போட்டிருக்கும் மலிவு உறைகளைத் தவிர்த்து, ரசீது கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

இங்கே ஒரு நாட்கணக்கைச் சொல்ல வேண்டும். புதிய தந்தி மாட்டியவுடன் சுருதியில் நிற்காது, இழுபட்டு இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். உலோகத் தந்தி இரண்டொரு நாளில் அடங்கும், நைலான் அடங்க நான்கைந்து நாட்களாவது ஆகும். டிசம்பர் 24 மாலையில் பரிசைப் பிரிக்கும் பிள்ளை ஆசையாக அதை மாட்டிக்கொண்டு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போனால், ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே முறுக்காணியைத் திருகிக்கொண்டிருப்பான். தந்தியைப் பரிசாகக் கொடுப்பவர்கள் 18ஆம் தேதிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: டியூனரும் கேப்போவும்

சுருதி சரிபார்க்க உதவும் கிளிப் டியூனர் யாருக்கும் பொருந்தும், எந்தக் கிட்டாருக்கும் பொருந்தும். ஒன்றுமே கண்டறிய முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். கைபேசிச் செயலியே போதாதா என்று நானும் கேட்டிருக்கிறேன். கேரல் பாடப் போகும் இரவில், டிரம் அடியும் பிள்ளைகளின் கூச்சலும் பக்கத்தில் வெடிச் சத்தமுமாக இருக்கும்போது கைபேசியின் மைக் எல்லாவற்றையும் கேட்டுக் குழம்பிவிடும். தலைப்பகுதியில் கவ்வும் டியூனர் மரத்தின் அதிர்வை மட்டும் உணர்வதால் குழப்பம் இல்லை. சுருதிக்கு அடிப்படையான வழக்கமான 440 ஹெர்ட்ஸ் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் பழைய ஆர்மோனியம் உள்ள கோயில்களில் அது எங்கே நிற்கிறதோ அங்கே கிட்டார் போய்ச் சேர வேண்டியிருக்கும். பெரும்பாலான டியூனர்களுக்கு சிஆர்2032 பட்டன் பேட்டரி தேவைப்படுகிறது. கூடவே இரண்டு பேட்டரிகளையும் வைத்துக் கொடுங்கள்.

கேப்போ என்பது கழுத்தின் குறுக்கே கவ்வி எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் ஒரு பிடி. பாடகர் குழுவில் இதன் அருமை தனி. பாடுபவர்களின் குரலுக்கு ஏற்ப ஒரு பாட்டு திடீரென்று ஈ ஃபிளாட் சுருதிக்கு மாறினால், கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா இருப்பார். கிட்டார்காரப் பிள்ளை கேப்போவை முதல் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளால் பிரிந்த கட்டம்) வைத்து டி சுருதிக்கான விரல் வடிவங்களையோ, மூன்றாம் ஃபிரெட்டில் வைத்து சி வடிவங்களையோ வாசித்துத் தப்பித்துக்கொள்வான். வாங்கும்போது முதல் படியில் எடுத்த படம் மறுபடி வேண்டும். உலோகத் தந்திக் கிட்டாரின் கழுத்து தலைப்பக்கம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் அகலத்தில் லேசாக வளைந்திருக்கும். நைலான் கிட்டாரின் கழுத்து 52 மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையாக இருக்கும். ஒன்றுக்கான கேப்போவை மற்றதில் போட்டால் ஏதாவது ஒரு தந்தி 'டப்' என்று செத்துக் கேட்கும். ஒரு கையால் அழுத்தித் திறக்கும் விசைவகைக் கேப்போவையே நான் விரும்புகிறேன். திருகாணி வகை நுட்பமானது என்று சொல்கிறார்கள். இரண்டு பாட்டுக்கு நடுவே திருகிக்கொண்டிருக்க நேரம் எங்கே இருக்கிறது?

மீட்டும் பிக் வாங்குவதாக இருந்தால் 0.60, 0.73, 0.88 மில்லிமீட்டர் கலந்து ஒரு டஜன் வாங்குங்கள். எப்படியும் தொலைந்துபோகும்.

நான்காம் படி: ஈரம்

இணையத்தில் ஆங்கிலப் பரிசுப் பட்டியல்களைப் பார்த்தால், கிட்டார் பெட்டிக்குள் வைக்கும் ஈரமூட்டி ஒன்று தவறாமல் இருக்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றுவதால் காற்று உலர்ந்து மரம் வெடிக்கும் நாடுகளுக்காக எழுதப்பட்டவை அவை. தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் நம் மாவட்டத்தில், குளச்சலில் இருந்தாலும் குலசேகரத்தில் இருந்தாலும், மரத்துக்கு மேலும் தண்ணீர் கொடுக்கத் தேவையில்லை. நம் ஊரில் நடப்பது நேர் எதிரானது: மேல்பலகை ஈரத்தைக் குடித்து உப்பி, பாலத்தை உயர்த்தி, தந்திகளைக் கழுத்திலிருந்து மேலே தூக்கிவிடுகிறது. அழுத்த அழுத்த விரல் வலிக்கிறது. கிட்டாரில் ஏற்பட்ட மாற்றம் அது என்று அறியாமல், பிள்ளைக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள்.

கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீதம் வரையிலான ஈரப்பதம் உகந்தது. அதை அளந்து காட்டும் சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றையும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பைகள் நான்கையும் சேர்த்துக் கொடுத்தால், பார்ப்பதற்குப் பரிசுபோல் இராவிட்டாலும் அந்தக் கிட்டாரின் ஆயுளைக் கூட்டும். நிறம் மாறிய மணிகளைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். பெட்டியோ பையோ மூடியிருந்தால்தான் அவை வேலை செய்யும். மழை நனைக்கும் வெளிச்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட கிட்டாருக்கு அவற்றால் பயனில்லை.

இதனோடு ஒட்டியதுதான் பையும். டிசம்பர் மழையில் இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் கேரலுக்குப் போகும் கிட்டாருக்கு, கடையில் இலவசமாகத் தரும் மெல்லிய உறை எந்தப் பாதுகாப்பும் தராது. பஞ்சுத் திண்டு குறைந்தது 10 மில்லிமீட்டர் இருக்கும் பையாக, தனி மழையுறையோடு வாங்குங்கள். கிட்டாரின் முழு நீளத்தை அங்குலத்தில் அளந்துகொண்டு போங்கள். 38 அங்குலக் கிட்டார் 41 அங்குலப் பையில் உருளும், மறுபக்கம் முயன்றால் ஜிப் மூடாது.

வாங்கக்கூடாதவை

கிட்டாரையே ஆச்சரியப் பரிசாக வாங்காதீர்கள். கழுத்தின் பருமன், உடலின் அளவு, தந்தி உயரம் எல்லாம் வாசிப்பவரின் கைக்குத் தெரிய வேண்டியவை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் அவனையே எடுத்துப் பார்க்க விடுங்கள். முதல் கிட்டார் என்றால் யமஹா எஃப் 310, எஃப் 280 போன்றவற்றில் தொடங்கச் சொல்வேன். கிட்டார் வடிவச் சாவிக்கொத்து, கிட்டார் படம் போட்ட கோப்பை முதலியவை அவனிடம் ஏற்கெனவே நான்கு இருக்கும்.

சேர்க்கை: தோள்வார்

மேலே உள்ளதை முதலில் எழுதியபோது தோள்வாரை ஒரே வரியில், "எதையாவது வாங்கலாம்" என்று முடித்திருந்தேன். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி, தாம் வாங்கிய அழகான வாரை மாட்ட இடமே இல்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். பல அக்குஸ்டிக் கிட்டார்களில் அடிமுனையில் மட்டுமே ஒரு குமிழ் இருக்கும். மேல்முனையைத் தலைப்பகுதியில் கயிற்றால் கட்ட வேண்டும். அந்தக் கயிறு வாரோடு வருகிறதா என்று பாருங்கள். கழுத்தின் அடியில் இரண்டாவது குமிழை நீங்களே துளையிட்டுப் பொருத்தாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்னொருவருக்கு நேர்ந்தது வேறு சிக்கல். அவர் தம்பியின் கிட்டார் ஒலிபெருக்கியில் இணைக்கக்கூடியது. அதன் அடிக்குமிழே ஒயர் செருகும் துளையாகவும் இருந்தது. அந்தக் குமிழ் சாதாரணக் குமிழைவிடப் பெரியது என்பதால் புதுத் தோல் வாரின் துளை அதில் ஏறவில்லை. அடிமுனையின் படத்தை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அப்படிப்பட்ட கிட்டார் என்றால், துளையில் நீளமான கீறல் உள்ள வாரைத் தேர்ந்தெடுங்கள். கூடவே ஒரு 9 வோல்ட் பேட்டரியும் வாங்கிக் கொடுங்கள், ஏனெனில் ஒயரைச் செருகியபடியே விட்டுவிட்டுத் தூங்கும் பழக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, காலைத் திருப்பலியில் கிட்டார் ஊமையாகிவிடும்.

இரண்டாம் சேர்க்கை: இடக்கைப் பிள்ளைக்கு என்ன வாங்குவது என்று இருவர் கேட்டிருந்தார்கள். தந்தி, டியூனர், பிக், வார், ஈரமானி எல்லாம் பொது. தந்திகளை மாட்டும் வரிசை மட்டுமே தலைகீழாகும். கேப்போவையும் மறுபக்கத்திலிருந்து கவ்வலாம்.