காவாசாகி நோய்: காய்ச்சல் நாள்கணக்கில் கோட்டை விடாதீர்கள்

பாப்பாவின் கொலுசு இறுகியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. இரண்டேகால் வயது. பாதம் முழுக்கச் சிவந்து, பன் மாதிரி உப்பி, கொலுசின் திருகு தோலில் புதைந்திருந்தது. அன்று காய்ச்சலின் ஆறாவது நாள். அதற்குள் காவேரிப்பட்டணத்திலும் கிருஷ்ணகிரியிலுமாக மூன்று டாக்டர்களைப் பார்த்துவிட்டோம். மூன்று பேரிடமும் என் மனைவி சொன்னது ஒன்றேதான்: “ரெண்டு நாளா காய்ச்சல் சார்.”

பொய் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் மருந்து கொடுத்ததும் ஒரு வேளை காய்ச்சல் விட்டது. திரும்ப அடித்ததும் அதைப் புதுக் காய்ச்சலாக நினைத்து ஒன்றிலிருந்து எண்ணினோம். காவாசாகியில் பெற்றோர் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். ஏனென்றால் இந்த நோயை உறுதி செய்ய ஒற்றை ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. எத்தனையாவது நாள், என்னென்ன அறிகுறி, இந்த இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் டாக்டர் முடிவுக்கு வருகிறார். நாள்கணக்கு நம் கையில் இருக்கிறது. அதை நாமே குழப்பினால் அவர் என்ன செய்வார்?

பெயரைக் கேட்டதும் என் மச்சான், “அது பைக் கம்பெனி பேரு இல்ல?” என்றான். டோமிசாகு காவாசாகி என்ற ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961இல் இதை முதலில் கவனித்தார். 1967இல் 50 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டார். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. ரத்தக் குழாய்கள் அழற்சியால் வீங்குகின்றன. ஏன் என்று இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. அண்ணனையோ அக்காவையோ பாட்டி வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டாம். பயமெல்லாம் இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைப் பற்றித்தான். சிகிச்சை கிடைக்காவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு அந்தக் குழாய் பலூன்போலப் புடைத்துவிடும். முதல் 10 நாளுக்குள் சரியான மருந்து ஏறினால் இது நூற்றுக்கு நான்கைந்தாகக் குறைகிறது.

காய்ச்சல் 5 நாளோ அதற்கு மேலோ இருந்து, கீழே சொல்வதில் நான்கு இருந்தால் டாக்டர் காவாசாகியைச் சந்தேகிப்பார். பீளை கட்டாமல் இரண்டு கண்ணும் சிவப்பது, உதடு வெடித்து நாக்கு சிவப்பது, உடம்பில் தடிப்பு, கை கால் வீங்கிச் சிவப்பது, கழுத்தில் நெறி கட்டுவது. நாக்கைப் புத்தகத்தில் ஸ்ட்ராபெர்ரி மாதிரி என்பார்கள். நம் ஊரில் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் வீட்டில் கேளுங்கள், பாதி பழுத்த மல்பெரிப் பழத்தைக் காட்டுவார்கள். அதேதான், சிவந்து பொரிபொரியாக.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இவை எல்லாம் ஒரே நாளில் வந்து நிற்பதில்லை. எங்கள் பாப்பாவுக்கு இரண்டாம் நாள் வந்த தடிப்பு நாலாம் நாள் மறைந்துவிட்டது. கண் சிவந்தபோது தடிப்பு இல்லை. மூன்று டாக்டர்களும் ஆளுக்கொரு துண்டைப் பார்த்தார்கள். முழுசாகப் பார்த்தது வீட்டில் இருந்த நாங்கள்தான், ஆனால் சொல்லவில்லை. “போன தடிப்பைப் பத்தி இப்ப எதுக்கு” என்று விட்டுவிட்டோம். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் தேதியோடு இருந்திருக்கும். இடது தோளில் பிசிஜி தடுப்பூசித் தழும்பு திடீரெனச் சிவந்து தடிப்பதும் இந்த நோயின் அடையாளம். நாங்கள் எறும்புக் கடி என்று எண்ணெய் தடவினோம்.

அப்புறம் அம்மை. என் அம்மா வாசலில் வேப்பிலை செருகிவிட்டார், மூன்று தண்ணீர் ஊற்றும்வரை ஊசி கூடாது என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், தடிப்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் தட்டம்மையில் மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும். தடிப்பு காதோரம், முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். சின்னம்மையில் நீர்க் கொப்புளம் வரும், காவாசாகியில் வராது. அப்படியே அம்மைதான் என்றாலும் டாக்டரிடம் காட்டுவதால் மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். வேப்பிலையும் இருக்கட்டும்.

சிறுநீர் ரிப்போர்ட்டிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. கிருமியே இல்லாமல் வெள்ளணுக்கள் மட்டும் அதில் தெரியும். உடனே சிறுநீர்த் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் தொடங்கும், இரண்டு நாள் கழித்து வேறொன்று மாறும். காவாசாகிக் காய்ச்சல் ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாது. சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைதான் கல்ச்சர். “கல்ச்சரில் கிருமி வளர்ந்ததா?” என்று கேளுங்கள்.

ஆறு மாதத்துக்கும் குறைந்த கைக்குழந்தைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அவர்களுக்கு அறிகுறிகள் முழுசாக வராமல், காய்ச்சலும் விடாத அழுகையும் மட்டும் இருக்கலாம். இதயக் குழாய் பாதிப்போ அவர்களுக்கே கூடுதல். வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரத்தைத் தொட்டால், தர்மபுரி, கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுக்கோ, சேலம், பெங்களூருக்கோ போய்விடுங்கள்.

சிகிச்சை, தானமாகப் பெற்ற ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதம். கிலோவுக்கு 2 கிராம். 12 கிலோ குழந்தைக்கு 24 கிராம், 10–12 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறும். செலவு பெரிது. பணம் புரட்டிக்கொண்டு வருகிறேன் என்று குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப் போனவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் செய்யாதீர்கள். அட்மிஷன் போட்ட கையோடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் விசாரியுங்கள். 10 நாள் தாண்டிவிட்டது என்று கைவிடவும் வேண்டாம், காய்ச்சல் நீடித்தால் அப்போதும் மருந்து உண்டு. ஏற்றி முடித்து 36 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் அடித்தால் நர்ஸிடம் சொல்லியே ஆக வேண்டும். சிலருக்கு அடுத்த கட்ட மருந்து தேவைப்படும்.

சிகிச்சையே இல்லாவிட்டாலும் இந்தக் காய்ச்சல் இரண்டு வாரத்துக்குள் தானாக இறங்கிவிடுவதுண்டு. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்போம். இதயக் குழாய் புடைப்பு அதற்குப் பிறகும் தெரியவரலாம். இரண்டு மூன்று வாரத்தில் நகத்தோரம் தோல் உரியத் தொடங்கும். சத்துக் குறைவு என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். காய்ச்சல் வந்துபோன குழந்தைக்கு விரல் நுனி உரிந்தால், அன்றே டாக்டர், எக்கோ என்ற இதய ஸ்கேன்.

ஆஸ்பிரின் விஷயத்தில் நாங்களும் ஒருமுறை சறுக்கினோம். இதயக் குழாயில் ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் அந்த மாத்திரையைக் குறைந்த அளவில் ஆறேழு வாரமாவது தொடர வேண்டும். குழந்தை துள்ளி விளையாடுகிறதே என்று நாலு நாள் விட்டுவிட்டோம். டாக்டர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அளவு குழந்தையின் எடைக்கு ஏற்றது, தாத்தாவின் இதய மாத்திரையை உடைத்துக் கொடுப்பதல்ல. இடையில் வலி, காய்ச்சல் என்று ஐபுபுரூஃபென் சிரப் கொடுத்தால் அது ஆஸ்பிரின் வேலையைக் கெடுக்கும். சின்னம்மையோ ஃப்ளூவோ வந்தால் ஆஸ்பிரினே ஆபத்தாக மாறலாம், அதனால் உடனே டாக்டருக்குப் போன் போடுங்கள். எக்கோ முதலில் ஒன்று, ஒன்றிரண்டு வாரத்தில் ஒன்று, ஆறு வாரவாக்கில் ஒன்று. மூன்றாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள், அதற்குள் மாங்காய் சீசனோ தக்காளிப் பறிப்போ வந்துவிடும்.

கடைசியாகத் தடுப்பூசி அட்டை. இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை ஊசிகளைப் பொதுவாக 11 மாதம் தள்ளிப் போடுவார்கள். மற்ற ஊசிகளுக்கு இந்தத் தடை இல்லை. இது ஊரில் ஊசி போடும் கிராமச் சுகாதார செவிலியருக்கு எப்படித் தெரியும்? எங்கள் அட்டையின் மேல் ஓரத்தில் மருந்து ஏறிய தேதியைச் சிவப்பு மையில் எழுதி வாங்கினோம். அட்டை கசங்கிப்போனாலும் அந்த வரி மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது.