பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: போடும் முன் ஓட்டிப் பாருங்கள்

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பி.காம். லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்) பற்றித் தெரிந்ததெல்லாம் வீட்டில் சும்மா கிடந்த ஒரு லேப்டாப்பை நோண்டிக் கெடுத்துக் கற்றதுதான். முதல் தடவை போட்டபோது "எரேஸ் டிஸ்க்" என்று இருந்ததைச் சரியாகப் படிக்காமல் அடுத்து, அடுத்து என்று தட்டிக்கொண்டே போய், அக்கா கல்யாணப் போட்டோக்களை மொத்தமாக அழித்துவிட்டேன். இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். அதனால்தான் போடும் முன் செய்ய வேண்டியதைப் பற்றி இதில் அதிகம் எழுதுகிறேன்.

எதைப் போடுவது? 1991-இல் ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது கெர்னல், அதாவது கம்ப்யூட்டரின் பாகங்களை இயக்கும் உள்கரு மட்டும்தான். அதைச் சுற்றி மற்ற மென்பொருள்களைச் சேர்த்துத் தருவதை டிஸ்ட்ரோ என்பார்கள், அது நூற்றுக்கணக்கில் இருக்கிறது. எது சிறந்தது என்று வீடியோ வீடியோவாகப் பார்த்து நான் ஒரு மாதத்தை வீணடித்தேன், நீங்கள் வேண்டாம். பழைய லேப்டாப் என்றால் லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு வரும் பதிப்பு. குறைந்தது 2 ஜிபி ராம், 20 ஜிபி இடம் போதும் என்கிறார்கள். 4 ஜிபி ராம் இருந்தால்தான் பிரவுசரில் நாலு டேப் திறக்க முடியும்.

மின்ட் தளத்திலிருந்தே ஐஎஸ்ஓ கோப்பை (மொத்த மின்ட்டும் ஒரே கோப்பாக) இறக்குங்கள், சுமார் 3 ஜிபி வரும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும். கோப்பை அப்படியே அதில் காப்பி செய்தால் பூட் ஆகாது, அதாவது லேப்டாப் அதிலிருந்து தொடங்காது (நான் செய்து பார்த்து அரை நாள் முழித்தேன்). விண்டோஸில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து, பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி, மற்றதை அது சொல்கிறபடியே விட்டு ஸ்டார்ட் கொடுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருந்தது எல்லாம் போய்விடும்.

அப்புறம் ரீஸ்டார்ட் செய்து, திரையில் கம்பெனி பெயர் வரும்போதே எஃப்12-ஐ விடாமல் தட்டுங்கள். சில மாடல்களில் எஃப்9, சிலவற்றில் எஸ்கேப். வருகிற பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் கொஞ்ச நேரத்தில் மின்ட் திரை வந்துவிடும்.

இங்கே நில்லுங்கள். இப்போது ஓடுவது பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸ், ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் மாறவில்லை. டெஸ்க்டாப்பில் "இன்ஸ்டால்" என்ற ஐகான் கண் சிமிட்டும், தொடாதீர்கள். முதலில் வைஃபை வருகிறதா பாருங்கள். வராவிட்டால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் உடனே நெட் வந்துவிடும், அதை வைத்து டிரைவர் மேனேஜரில் வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடலாம். ஒரு பாட்டு போட்டுச் சத்தம், கேமரா, டச்பேட், திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன், பிரிண்டர் இருந்தால் அது, கடைசியாக மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்பதுவரை எல்லாவற்றையும் பாருங்கள். வேகத்தை மட்டும் இதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பென் டிரைவில் மெதுவாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் இப்படியே ஓட்டலாம், ஆனால் அணைத்தால் அதில் செய்தது எதுவும் மிஞ்சாது.

சரி, பிடித்துவிட்டது. போட்டோ, மார்க்‌ஷீட், டாலி டேட்டா எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் காப்பி செய்து, அங்கே ஒன்றிரண்டைத் திறந்தும் பாருங்கள். விண்டோஸும் கூடவே வேண்டுமென்றால் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாமல் போகும். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டால் ஐகானை இப்போது அழுத்தலாம். மல்டிமீடியா கோடெக் (பாட்டு, வீடியோ ஓடத் தேவையானது) கேட்டால் டிக் போடுங்கள். டிஸ்க் பற்றிய பக்கம் வந்ததும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டுப் படியுங்கள்: "அலாங்சைடு" என்றால் விண்டோஸும் இருக்கும், "எரேஸ்" என்றால் ஒன்றும் இருக்காது. மற்றதெல்லாம் ஊர், பெயர், பாஸ்வேர்டு, அவ்வளவுதான்.

முடிந்ததும் அப்டேட் மேனேஜரை ஓட்டுங்கள், டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், பின்னால் ஏதாவது கெட்டால் இந்த நிலைக்கே திரும்பலாம். தமிழ் தட்டச்சுக்கு சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் தேடிப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

பென் டிரைவை அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் எழாத லேப்டாப்பிலும் அதைச் செருகி லைவில் போய்க் கோப்புகளை வெளியே எடுக்கலாம். நான் அக்கா போட்டோக்களைத் தேடியதும் அப்படித்தான், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பெயரெல்லாம் போய் வெறும் எண்ணாக ஒரு குவியல் வந்தது. தாலி கட்டும் படம் இருந்தது, ரிசப்ஷன் ஒன்றுகூட இல்லை.