நாயும் பூனையும் வாயால்தான் பார்க்கும்: வீட்டுக் கைவேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பூனை மீனுவுக்கு நான் முதன்முதலில் செய்து கொடுத்த விளையாட்டுச் சாமான் ஒரு உல்லன் பந்து. அக்கா குழந்தைக்குக் குல்லாய் பின்னியதில் மிஞ்சிய ஆரஞ்சு நூல். நான்கு விரலில் அறுபது சுற்று சுற்றி, நடுவில் இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் கத்தரித்துவிட்டால் பத்து நிமிஷத்தில் பந்து தயார். ஆட்டிக் காட்ட வசதியாக ஒரு முழம் நூலை வாலாகத் தொங்கவிட்டேன். பைசா செலவில்லை, பார்க்கவும் அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் காலையில் பந்து கட்டிலுக்கடியில் கிடந்தது, வாலைக் காணோம். அன்று மாலையே மீனு சாப்பாட்டுத் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனாள். ராத்திரி முழுக்க வாந்தி. மறுநாள் டாக்டர் அவள் வாயைத் திறந்து, தாடைக்கு அடியில் கட்டைவிரலை வைத்து அழுத்தி நாக்கைத் தூக்கிக் காட்டினார். நாக்கின் வேரில் ஆரஞ்சு நூல் ஒரு சுற்று மாட்டியிருந்தது. மறுமுனை வயிற்றுக்குள்.

பூனையின் நாக்கில் இருக்கும் சின்னச் சின்ன முட்கள் தொண்டைப் பக்கமாக வளைந்தவை. வாயில் சிக்கிய நூலைத் துப்ப அதற்கு வராது, விழுங்கத்தான் வரும். நூலின் ஒரு முனை மாட்டிக்கொண்டால், குடல் தன் பாட்டுக்கு அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். நூல் நகராது, குடல்தான் நூலின் மேல் ஏறிச் சுருங்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்கிக் கொத்தாகிவிடுமே, அதே மாதிரி. இறுகிய நூல் குடல் சுவரை அறுத்தும் விடும். அதனால் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் தயவுசெய்து இழுக்காதீர்கள். அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மீனுவுக்கு ஆபரேஷன் நடந்தது, பிழைத்துக்கொண்டாள். அந்த நூலை வீட்டில் நான் பார்த்திருந்தால் நிச்சயம் இழுத்திருப்பேன், அதை நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது.

அதற்குப் பிறகு எதைச் செய்ய உட்கார்ந்தாலும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இது வாய்க்குள் போனால் என்ன ஆகும்? நம் ஊர் வெயிலிலும் ஈரக்காற்றிலும் இது ஆறு மாதம் தாங்குமா? நான் செய்த, மற்றவர்கள் செய்து பார்த்த தவறுகள் அத்தனையும் இந்த இரண்டில் ஒன்றைக் கேட்காமல் விட்டதால் வந்தவைதான்.

நூல் என்றால் உல்லன் மட்டுமல்ல. பரிசுப் பொட்டலத்து ரிப்பன், ஜிகினா, ரப்பர் பேண்ட், புடவையில் பிரிந்த ஜரிகை, தையல் மெஷினுக்கடியில் விழுந்த ஊசி நூல், எல்லாமே இந்தக் கணக்கில் வரும். குச்சியில் கட்டி ஆட்டும் பொம்மை செய்யலாம், தப்பில்லை. ஆனால் நாம் கையில் பிடித்து விளையாட்டுக் காட்டும்வரைதான் அது வெளியே இருக்க வேண்டும், முடிந்ததும் பீரோவுக்குள். தனியாக விட்டுவிட்டுப் போகும்போது பூனைக்கு அட்டைப்பெட்டி போதும். அதன் முன்னங்கால் நுழையும் அளவுக்கு நாலைந்து ஓட்டை போட்டு உள்ளே கசக்கிய செய்தித்தாள் உருண்டை இரண்டைப் போடுங்கள். அதற்கு முன் பெட்டியில் அடித்திருக்கும் கம்பிப் பின்களையும் பிளாஸ்டிக் டேப்பையும் உரித்தெடுக்க மறக்கக் கூடாது.

நகம் பிறாண்டும் கம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு, அதைக் குட்டையாகவும் லேசாகவும் செய்வது. பூனை பின்னங்காலில் நின்று முழு உடம்பையும் நீட்டி இழுக்க வேண்டும், அதற்கு மூன்றடி உயரமாவது வேண்டும். ஒரு தடவை ஆடிச் சாய்ந்தால் அப்புறம் அந்தப் பக்கமே வராது, சோபாவுக்குத் திரும்பிவிடும். மிஞ்சிய பிவிசி பைப்பில் சணல் கயிறு சுற்றுகிறவர்கள், முதலில் பைப்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே வாரத்தில் கயிறு மொத்தமும் கீழே சரிந்து வளையல் மாதிரி கிடக்கும்.

நாய் விஷயம் வேறு. பூனை விழுங்கும், நாய் பிய்த்து விழுங்கும். பழைய சாக்ஸில் பந்தைப் போட்டு முடிச்சுப் போடுவது சுலபமான வேலைதான். ஆனால் அது பொம்மை சாக்ஸ், இது ஐயாவின் ஆபீஸ் சாக்ஸ் என்று நாய்க்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பொத்தான் வைத்துக் கண் தைப்பதும் வேண்டாத வேலை. நாய்க்குக் கண்ணும் மூக்கும் வைத்த பொம்மை தேவையில்லை, உங்கள் வாசனை இருந்தால் போதும். நீங்கள் உடுத்திப் பழசான பனியனை மூன்று விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்று பட்டையைச் சேர்த்துச் சடை பின்னி, இரண்டு முனையிலும் கெட்டி முடிச்சு. முழுசாக வாய்க்குள் போகாத அளவு இருக்க வேண்டும். முடிச்சு பிரிந்து பட்டை தொங்க ஆரம்பித்த அன்றே தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று பின்னுங்கள். இளநீர்க் கூட்டைக் கடிக்கக் கொடுப்பது நம் ஊரில் வழக்கம். அந்த நாரும் வயிற்றில் திரண்டு அடைத்துக்கொள்ளும். கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள முடியாதென்றால் கொடுக்க வேண்டாம்.

படுக்கை தைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தில் பார்க்கும் புசுபுசு மெத்தையெல்லாம் குளிர் ஊருக்கு. மே மாதச் சென்னையில் எந்த நாயும் அதில் படுக்காது, பக்கத்தில் வெறும் மொசைக் தரையில்தான் கிடக்கும். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்தால் பிய்த்துத் தின்னும். இலவம் பஞ்சு வைத்தால் துவைக்க முடியாது, ஈரம் பட்டால் கட்டி தட்டிப்போகும். கோணிப்பை மலிவு, ஆனால் அதன் இழைச் சந்தில் உண்ணி புகுந்துகொண்டால் கண்ணுக்கே தெரியாது. நான் பல வருஷமாகச் செய்வது இதுதான்: நைந்துபோன பருத்திப் புடவை நான்கைந்தை மடித்து அடுக்கி, ஓரத்தில் நீள நீளமாக ஓட்டுத்தையல் போட்டு, பழைய பெட்ஷீட்டில் தலையணை உறை போல ஒரு உறை தைத்து அதற்குள் செருகுவது. பாட்டி காலத்துக் குழந்தைத் துணிமெத்தைதான். வாரம் ஒருமுறை உறையை உருவி வெந்நீரில் அலசி, உள்மெத்தையை மொட்டை மாடி வெயிலில் போட்டுவிடலாம்.

அடுத்தது பசை. சென்னையில் கைவேலை பாழாவது பெரும்பாலும் இங்கேதான். சாமான் வாங்க ஆண்டர்சன் தெரு, தேவராஜ முதலி தெரு என்று பாரிமுனையைச் சுற்றி அலைந்து காகிதம், கண்ணாடி, மணி எல்லாம் சேர்த்துவிடுவோம். ஒட்ட மட்டும் வீட்டில் இருக்கிற ஏதோ ஒரு டியூப். வெள்ளைப் பசை தண்ணீர் கலந்தது, தண்ணீர் காய்ந்தால்தான் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணியே மூன்று நாள் காயாத ஊரில் பசை மட்டும் ராத்திரியோடு காயுமா? காய்ந்த பிறகும் சாரல் பட்டால் இளகி வெளுக்கும். மழை படும் இடத்து வேலைக்கு அது ஆகாது. குளூ கன் பசைக்கு இன்னொரு குறை: சூட்டில் உருகியது சூட்டிலேயே இளகும். மேற்குப் பார்த்த எங்கள் பால்கனிச் சுவரில், கண்ணாடித் துண்டு ஒட்டிய ஒரு அலங்காரத் தட்டை அப்படித்தான் மாட்டிவைத்தேன். ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம், ஒவ்வொரு துண்டாக வழுக்கி நாயின் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே விழுந்திருந்தது. நல்ல வேளை, நான் முதலில் பார்த்தேன். வெயில் படும் இடத்துக்கு இரண்டு பாகம் கலந்து ஒட்டும் எபாக்ஸி பசைதான் நிற்கும். நொடியில் பிடிக்கும் சூப்பர் குளூவைப் பஞ்சிலோ பருத்தித் துணியிலோ ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் திடீரென்று சூடேறிப் புகையும், விரல் வெந்துபோகும்.

கொலுவுக்குக் காகிதக்கூழ் பொம்மை செய்கிறவர்கள் மைதாப் பசை காய்ச்சுவார்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது புத்தகம் பைண்டிங் செய்கிறவர்களின் பழைய வழக்கம். பசைக்கு அது நல்லதுதான், ஆனால் மயில்துத்தம் விஷம். மைதா வாசனைக்கு நாய் அந்தப் பொம்மையை நக்கும், கடிக்கும், எலியும் வரும். வீட்டில் பிராணியோ தவழும் குழந்தையோ இருந்தால் துத்தம் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில், ஒரு அடுக்கு ஒட்டி, நன்றாக வெயிலில் காயவைத்து, பிறகு அடுத்த அடுக்கு ஒட்டுங்கள். ஈரத்தோடு ஈரமாக நான்கு அடுக்கு ஏற்றிவிட்டுப் பெயின்ட் அடித்தால் உள்ளே பூசணம் பிடித்து ஒரு மாதத்தில் நாற்றம் வரும். நவராத்திரி பெரும்பாலும் புரட்டாசியில் வருகிறது, ஆடி வெயிலிலேயே ஆரம்பித்தால் அவசரமில்லை.

செய்த துணிப் பொம்மையைப் பெட்டியில் எடுத்துவைக்கும்போது பாச்சை உருண்டை போடுவதும் அப்படியே. நாய், பூனை இரண்டுக்குமே அது விஷம். கற்பூரமும் ஆகாது. காய்ந்த வேப்பிலையோ வெட்டிவேரோ சின்ன மூட்டையாகக் கட்டி வைத்தால் போதும். வாசனைத் திரவத்தில் நனைத்த பஞ்சு அலங்காரம் செய்யும் ஆசை இப்போது நிறைய பேருக்கு இருக்கிறது. அந்தத் திரவங்களில் ஒன்றான டீ ட்ரீ ஆயில் ரோமத்தில் பட்டு அதை நக்கினால் பூனைக்கு உடம்பு மோசமாகிவிடும்.

பெயின்டைப் பற்றி ஒன்று. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016ல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய வீடு இடித்த மரச்சட்டம், ஜன்னல் கதவு வாங்கி நாய்க்கூண்டு செய்கிறவர்கள், அதிலிருக்கும் பழைய பெயின்டை ஈயம் உள்ளதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து சுரண்டாதீர்கள், அந்தத் தூள் காற்றில் பறந்து எல்லோருடைய மூச்சிலும் போகும். பிராணி கடிக்கும் பொருளுக்குப் பெயின்ட் அடிக்காத மரமே மேல்.

கோடையில் மாடியில் பறவைக்குத் தண்ணீர் வைக்கிற நல்ல மனசு நம் ஊரில் நிறைய பேருக்கு உண்டு. இதிலும் தவறு நடக்கிறது. ஸ்டீல் தட்டும் பிளாஸ்டிக் டப்பாவும் அக்னி நட்சத்திர வெயிலில் கொதித்துப்போகும், மண்சட்டிதான் சரி. அழகுக்காக அதன் வெளிப்பக்கம் முழுக்கப் பெயின்ட் அடித்துவிட்டால் மண் வேர்க்காது, தண்ணீர் குளிராது. ஆழம் இரண்டு அங்குலம் போதும், நடுவில் ஒரு கூழாங்கல் வைத்தால் சிட்டும் தேனீயும் உட்கார்ந்து குடிக்கும். முக்கியமாக, தண்ணீரைக் கொட்டி ஊற்றினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் அல்ல, பாத்திரத்தின் உள்சுவரில் ஈரக் கோட்டையொட்டி முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் ஒட்டிக்கொண்டிருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே வாரம் இருமுறை தேங்காய் நார் போட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பாட்டிலை வெட்டிச் செய்த செடித்தொட்டி, அதன் அடித்தட்டு எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு. தொட்டிக்கு அடியில் ஓட்டை போடாமல் விட்டால் கொசுவும் வரும், வேரும் அழுகும். கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டவற்றைப் புயல் அறிவிப்பு வந்ததும் கழற்றி உள்ளே வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் தெருவில் அப்படி விழுந்த தொட்டிகளை நானே பெருக்கி அள்ளினேன்.

லவ் பேர்ட்ஸுக்கு ஊஞ்சல் கட்டுகிறவர்கள் துத்தநாகம் பூசிய கம்பியைத் தவிர்க்க வேண்டும். அலகால் கொத்திக் கொத்தி அந்தப் பூச்சு உள்ளே போனால் பறவைக்கு விஷம். பச்சைக்கிளிக்குக் கூண்டு செய்யலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பதே குற்றம். மீன் தொட்டிக்குக் கொளத்தூரில் மீன் வாங்கிவந்த கையோடு மெரினா சிப்பியையும் போடாதீர்கள். சிப்பி சுண்ணாம்பு, தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும், எல்லா மீனும் அதைத் தாங்காது. குளியலறைக்கென்று விற்கும் சிலிக்கான் பசையில் பூசணத்தைக் கொல்லும் மருந்து கலந்திருக்கும், அதை மீன் தொட்டிக்குப் பூசக் கூடாது.

கடைசியாகக் கழுத்துப்பட்டை. ராத்திரி வண்டிகளுக்குத் தெரியட்டும் என்று ஒளிரும் டேப் வைத்து நான் ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெரு நாய்க்குட்டிகள் நான்குக்குத் தைத்தேன். அன்றைக்கு இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வு விட்டுத்தான் கட்டினேன். ஒரு குட்டி எங்கோ போய்விட்டு இரண்டு மாதம் கழித்து வந்தது. கழுத்து வளர்ந்திருந்தது, பட்டை வளரவில்லை. ரோமத்தை விலக்கினால் பட்டை தோலுக்குள் புதைந்து, சுற்றிலும் சீழ். டாக்டர் மயக்க ஊசி போட்டு வெட்டியெடுத்தார், ஆற மூன்று வாரமானது. இப்போது வளரும் குட்டிக்கு நான் பட்டை தைப்பதே இல்லை. நன்கு வளர்ந்த, தினம் சோற்றுக்கு வந்து கைக்குள் நிற்கிற நாய்க்கு மட்டும்தான். அதிலும் பட்டையின் ஒரு இடத்தை வெட்டி, அரை அங்குல எலாஸ்டிக்கை மெல்லிய நூலால் ஒற்றைத் தையல் போட்டு இணைக்கிறேன். எங்காவது மாட்டி இழுத்தால் அந்த இடம் அறுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் சோறு வைக்கும்போது விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்க்கிறேன்.